நாலு மூடி வாங்கின கதை

கார் வாங்கினால் செலவு பெட்ரோலில் வரும், இன்ஷூரன்ஸில் வரும், மச்சினன் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவதில் வரும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். சுண்டுவிரல் நுனி சைஸில் இருக்கிற ஒரு மூடியில் வரும் என்று நினைக்கவே இல்லை.

என்னுடையது பழைய மாருதி 800. கம்பெனிக்காரர்கள் அதைத் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை, அதுவாகத்தான் அவ்வப்போது நின்றுவிடும். 2023 நவம்பரில் ஒருநாள் காற்றடிக்கப் போனபோது ஒரு சக்கரத்தில் வால்வு மூடியைக் காணோம்.

"மூடி இல்லேன்னா தூசி போயிரும் சார். ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்றான் பையன்.

கவனியுங்கள், அவன் சொன்னது 'ஒண்ணு'. அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு விஷயம் படிக்கக் கிடைத்திருக்கும்.

வண்ணாரப்பேட்டையில் கார் அலங்காரச் சாமான் விற்கிற கடைக்குப் போய், "அண்ணாச்சி, டயர் மூடி இருக்கா?" என்றேன்.

"எந்த டிசைன்ல வேணும்?"

மூடிக்கு டிசைனா! தட்டைத் தூக்கி முன்னால் வைத்தார். மண்டை ஓடு, தாயக்கட்டை, துப்பாக்கிக் குண்டு, ஃபுட்பால்... ஒரு மூலையில் பச்சை மூடி. அது நைட்ரஜன் நிரப்பின டயருக்கு அடையாளமாம். (நாம் ஓசியில் இழுத்து விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதை அண்ணாச்சியிடம் சொல்லி அவர் வியாபாரத்தைக் கெடுப்பானேன்?) கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் மட்டும் ஒரு பழைய பாட்டிலில் கேட்பாரற்றுக் கிடந்தன.

"அது சும்மா பத்து ரூவாய்க்கு நாலு. இதப் பாருங்க, அலுமினியம். செட்டு நூத்தம்பது. ஆபீஸ் போற ஆளு, ஒரு கெத்து வேண்டாமா?"

எனக்கு ஆபீஸே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. பி.காம். படித்தவன், விலைக்கும் பயனுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதிப் பாஸானவன். சிவப்பு அலுமினியத்தில் ஒரு செட் வாங்கினேன்.

"காருக்கு நகப்பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த அப்பா குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அழகாத்தான் இருக்குல. கழட்ட வருமா?"

அப்பா சைக்கிள் காலத்து மனுஷர். வால்டியூப் மாற்றி, எச்சில் தொட்டு வைத்து, முட்டை விடுகிறதா என்று பார்த்த தலைமுறை. காற்றடிக்கும்போது மூடியைச் சட்டைப் பையில் போட்டு, அடித்து முடித்ததும் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வார். அவர் கேள்வியை நான் காதில் வாங்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். டன்லப் காற்று டயரைக் கொண்டுவந்தது 1888-ல். அடைத்த காற்று வெளியே வராமல் இருக்கவேண்டுமே? நியூயார்க்கில் ஆகஸ்ட் ஷ்ரேடர் என்பவர் 1844-லிருந்து ரப்பர் சாமான்களுக்கு வால்வு செய்துகொண்டிருந்தார். முத்துக்குளிக்கிற மாதிரி ஆழத்தில் இறங்குகிறவர்களுக்குத் தாமிரத்தில் தலைக்கவசமும் செய்தார். அவர் பெயரில் இருக்கிற டயர் வால்வுக்கு 1893-ல் பேட்டன்ட் கிடைத்தது. கார், பைக், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இன்றைக்கும் அதே வால்வு, அதே மரை. உலகம் பூராவும் ஒரே அளவில் ஒத்துப்போகிற சாமான் இப்படி எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! செல்போன் சார்ஜருக்குக்கூட அந்த ஒற்றுமை இல்லை.

காற்றைப் பிடித்து வைப்பது மூடி இல்லை; உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கிற குட்டிப் பின். அதன் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் உட்கார்ந்தால் போதும், காற்று கசிய ஆரம்பிக்கும். அந்த மணலை வாசலிலேயே தடுக்கிற கூர்க்காதான் மூடி. கூர்க்காவுக்கு ஜரிகைத் தலைப்பாகை தேவையில்லை. இது எனக்கு அப்புறம் தெரிந்தது.

அந்த டிசம்பரில்தான் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போனது. எங்கள் தெருவில் கார் இரண்டு நாள் பாதிச் சக்கரம் சேற்றுத் தண்ணீரில் நின்றது. எத்தனையோ பேர் வீட்டையும் மாட்டையும் இழந்த நேரத்தில் வால்வு மூடியை யார் பார்ப்பார்கள்?

பிப்ரவரியில் காற்றடிக்கப் போனேன். பையன் மூடியைத் திருகினான். அசையவில்லை. துணி சுற்றித் திருகினான். ம்ஹூம்.

"இறுகிப்போச்சு சார். அடுத்த வாட்டி பாப்போம்."

பின்னால் ஒரு பெரிய கார் ஹாரன் அடித்தது. சரி என்று வந்துவிட்டேன். மார்ச்சிலும் அதே கதை. ஏப்ரலில் போகவே இல்லை. சௌகரியம் பாருங்கள்: மூடி திறக்காததால் காற்றுப் பார்க்கவேண்டிய வேலையே மிச்சம்!

மே மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மறுநாள் கட்டுப் பிரிக்கக் காலை ஒன்பது மணிக்குப் பாளையங்கோட்டையில் இருக்கவேண்டும். முந்தின நாள் ராத்திரி கல்லிடைக்குறிச்சி வீட்டில் தங்கிவிட்டு ஏழரைக்குக் கிளம்பினோம். ஏழரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா ஒரு கண்ணில் கட்டோடு முன் சீட்டில். வீரவநல்லூர் தாண்டினதும், "ஏல, வண்டி இடது பக்கம் இழுக்குது" என்றார்.

"ரோடு அப்படி இருக்குப்பா."

"ரோடு நேராத்தான் இருக்கு. நிறுத்து."

காருகுறிச்சியில் ஒரு பங்சர் கடை முன்னால் நிறுத்தினேன். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். கொஞ்சும் சலங்கை படத்தில் (1962) மூச்சுக் காற்றால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட மனுஷர் பிறந்த ஊரில், காற்று போய் நிற்கிறேன் நான்!

பங்சர் கடைப் பெரியவர் டயர் மேல் கை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"தம்பி, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குதே! பாதிக் காத்துகூட இல்லை. இன்னும் நாலு மைல் இப்படியே மிதிச்சிருந்தா படார்னு போயிருக்கும்."

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாகிறதில்லையா, அதேதான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளை போய்ச் சேருவதற்குள் என் டயர் இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றவேண்டும். மீதியை யோசிக்கவில்லை. முன் சீட்டைப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றடிக்கலாம் என்றால் மூடி வரவேண்டுமே! பெரியவர் சிவப்பு மூடியைப் பார்த்துச் சிரித்தார்.

"அலுமினியமா? உள்ள தண்டு பித்தளை. ரெண்டுக்கும் நடுவுல ஈரம் போனா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தை அரிச்சு, ஒட்டவச்சிரும். வெள்ளத்துல நின்ன வண்டியோ?"

எண்ணெய் விட்டு ஊறவைக்க நேரமில்லை. ஒரு குறட்டில் தண்டைப் பிடித்து, இன்னொன்றில் மூடியைத் திருகினார். 'டப்' என்றது. வந்தது மூடி மட்டும் இல்லை. ரப்பர் தண்டும் கிழிந்துகொண்டு வந்தது. மிச்சம் இருந்த காற்றும் பெருமூச்சு விட்டுப் போனது.

"ஸ்டெப்னி இருக்கா?"

இருந்தது. அதுவும் பாதிக் காற்றில். ஆனால் அதற்கு நான் நகப்பாலிஷ் போடவில்லை. செட்டில் நாலுதானே! பழைய கறுப்பு பிளாஸ்டிக் மூடி, இரண்டு விரலால் தொட்டதும் பதவிசாகக் கழன்று வந்தது. காற்றடித்து, மாட்டி, எட்டு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிளாஸ்டிக் மூடியே போதும். உள்ளே சின்ன ரப்பர் வளையம் இருந்தால் ரொம்ப நல்லது. உலோகம்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால், நிக்கல் பூசின பித்தளை. மண்டை ஓடு, துப்பாக்கிக் குண்டு வேண்டவே வேண்டாம். என் மாதிரிச் சின்னச் சக்கர வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மூடியின் எடை சுமார் 90 மடங்காகத் தெரியும். அஞ்சு கிராம் மண்டை ஓடு கிட்டத்தட்ட அரைக்கிலோ கனத்தில் ரப்பர் தண்டைப் பிடித்து இழுக்கும். டயரில் காற்றுக் குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கெரிகிற புதுக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. பலவற்றில் அந்த சென்சார் வால்வோடு சேர்ந்தே இருக்கும். மூடி ஒட்டிக்கொண்டு தண்டு முறிந்தால், போவது ரப்பர் தண்டோடு நிற்காது. மூடி எதுவானாலும் மாதம் ஒருமுறை கழற்றி, காற்றுப் பார்த்து, கையால் மட்டும் முடுக்குங்கள். குறடு கூடாது.

மூடிதானே என்று இளப்பமும் வேண்டாம். டி.வி.எஸ். நிறுவனத்தை 1911-ல் ஆரம்பித்த சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். அந்தக் குழுமத்தின் சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பேர் வாங்கியது. மூடியில் பிழைத்தவர்களும் உண்டு. என்னைப் போல் மூடியில் கெட்டவர்களும் உண்டு.

மறுநாள் புது வால்வு போட்டேன். அதோடு கறுப்பு மூடி ஒன்று இலவசமாக வந்தது. மற்ற மூன்று சிவப்பு மூடிகளையும் ஒரு மெக்கானிக் எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் கழற்றினார். இன்னும் மூன்று வேண்டும். கடைக்குக் கிளம்பினேன்.

"நில்லுல" என்றார் அப்பா. பையிலிருந்து பழைய பல்பொடி டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மூன்று கறுப்பு மூடிகள். நவம்பரில் நான் கழற்றித் தூர எறிந்தவை.

"எப்பவாவது வேணும்னு பொறுக்கி வச்சேன்."

நாலும் ஆச்சு. கணக்கு டேலி. வரவில் நாலு மூடி, செலவில் நூற்றைம்பது ரூபாயும் ஒரு வால்வும், ஒருவேளை போயிருக்கக்கூடிய இரண்டு உயிரும்.

மூன்றையும் மாட்டி நிமிர்ந்தேன். அப்பா இரண்டு கண்ணாலும் என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே கடைக்குப் போனா என்னையும் கூட்டிட்டுப் போல. இப்ப எனக்கு நல்லாத் தெரியுது. உனக்குத்தான் எப்பத் தெரியப் போகுதோ!"