மூதாதை கைதியாயிருந்தால் என்ன?

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் சந்ததியார் பலர் வெட்கத்தால் அதை மூடி மறைத்தனர். இன்று குலமுறையைத் தேடுவோர் அப்படிச் செய்யலாகாது என்பது எங்கள் எண்ணம்.

மேரி ரீபியைப் பாருங்கள், தோழியரே! ஆண் வேடத்தில் குதிரை திருடியதாக 1790-இல் தண்டனை பெற்றபோது அவளுக்கு வயது 13. எங்களைவிடச் சிறியவள்! 1792-இல் சிட்னியில் இறங்கினாள். வணிகர் ஒருவரை மணந்தாள். 1811-இல் அவர் இறந்தபின் ஏழு பிள்ளைகளையும் கப்பல் வணிகத்தையும் தானே தாங்கினாள். 1820-இல் இங்கிலாந்து சென்று மறு ஆண்டு திரும்பினாள். 1828-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவள் தந்த விவரம் என்ன தெரியுமா? '1821-இல் சுதந்திரமாக வந்தவள்!' பொய்யுமல்ல, முழு மெய்யுமல்ல, கெட்டிக்காரி!

அவளை நாங்கள் குறைகூறவில்லை. அந்நாளில் கைதி என்ற பெயரோடு வாழ்வது அவ்வளவு எளிதா? ஆனால் இன்றைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த அச்சம் எதற்கு? கப்பலேறியோர் யாவரும் நல்லவர் என்று நாங்கள் வாதாடவில்லை. குற்றத்தையும் சேர்த்தே எழுதட்டும். டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளில் உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்திய அடையாளம்கூட உண்டு. திருடாத ஏழைக்கு இவ்வளவு விவரம் எழுதிவைத்தவர் யார்?

ரீபியின் முகம் 1994 முதல் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. நாடே நோட்டில் அச்சிட்டவளை, வீட்டு ஏட்டில் மட்டும் 'சுதந்திரமாக வந்தவள்' என்று எழுதுவதா?