தேட்டத்தில் சேராத தேட்டம்

ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று உட்துறைமுகத்தை நோக்குவோர்க்குத் திருக்கோணமலையின் பிழைப்பு ஒரே பார்வையில் விளங்கிவிடும். துறைமுகம், கந்தோர், பாடசாலை, ஆலை என்று மாதச் சம்பளத்தை நம்பி வந்தோர் இங்கே மிகுதி. காணியும் நகையும் சிலரிடம் இருக்கலாம். பலருக்கு உள்ள பெருஞ்சொத்து ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஒன்றே. பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறையை விட்டகன்றது. மறு ஆண்டே, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அந்நிதி பிறந்தது. இன்று ஊழியர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12.

கணவனும் மனைவியும் விவாகத்தை முறித்துக்கொண்டால் இந்தத் தேட்டம் யாருக்கு? எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே என்கிறது சட்டம். தம்பதியர்க்கு ரோமன் டச்சுச் சட்டம் வகுத்திருந்த கூட்டுடைமையை 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒழித்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு உத்தியோகம் பார்க்க வந்தோர் தேசவழமையையும் உடன் கொண்டுவந்தனர். அதில் 'தேடிய தேட்டம்' என்னும் அருமையான சொல் உண்டு: இல்லறத்தில் இருவரும் கூடித் தேடியது. ஆனால் 1947ஆம் ஆண்டின் திருத்தம் அந்தக் கூட்டுரிமையின் வலுவைத் தளர்த்திவிட்டது. சொல் நின்றது, பொருள் மெலிந்தது.

பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். விவாகத்தின் பொருட்டு வேலையைத் துறக்கும் பெண், தன் சேமலாப நிதியை அப்போதே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. சலுகை என்றுதான் இதைச் சொல்கிறார்கள்! அப்பணம் கலியாணச் செலவிலோ வீட்டுச் சுவரிலோ கரைந்துவிடும். கணவனுடைய கணக்கோ அவனுக்கு 55 வயதாகும்வரை வட்டியோடு வளரும். அவன் வேளைக்கு உண்டு வேலைக்குப் போக அடுப்படியில் நின்றவளின் உழைப்பு எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் மனைவியின் கதையும் இதுவே. 1898 முதல் வந்த விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் விதவைக்கு உரியது; விவாகரத்தானவள் விதவை அல்லள்.

ஜெர்மனியில் 1977 முதலும், இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு முதலும் ஓய்வூதிய உரிமையையே பிரித்துக் கொடுக்க வழியுண்டு. கனடாவில், கூடிவாழ்ந்த காலத்துக்குரிய அரச ஓய்வூதியக் கணக்கை இருவர்க்கும் சமமாய்ப் பகிர்ந்தெழுதும் முறை 1978இல் வந்தது. டொராண்டோவில் குடியேறிய தங்கைக்குக் கிடைக்கும் நியாயம் திருக்கோணமலையில் வாழும் தமக்கைக்கு இல்லை.

நமது விவாகரத்து வழக்குகள் பிறர்மனை நயத்தல், வன்மத்தோடு கைவிடல், ஆண்மைக்குறை என்ற மூன்று குற்றங்களைச் சுற்றியே உழல்கின்றன. யார் குற்றவாளி என்று நிறுவுவதில் ஆண்டுகள் கழிகின்றன. பணத்தின் பேச்சு கடைசியில், களைத்துப்போன நேரத்தில் வருகிறது. மொத்தத் தொகையோ மாதப் பணமோ கொடுக்குமாறு கட்டளையிட மாவட்ட நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆயினும் சேமலாப நிதிக் கணக்கையே நேராகப் பிரித்து மற்றவர் பெயரில் எழுதும் ஆணையை நம் சட்டம் வகுக்கவில்லை. உழைக்கும் பெண்ணின் நிதியும் அப்போது பிரிபடுமே என்பர் சிலர். பிரிபடட்டும், கணவன் வீட்டில் நின்று பிள்ளை வளர்த்திருந்தால் அவனுக்கும் பங்கு உண்டு.

விவாகம் நிலைத்த ஆண்டுகளில் சேர்ந்த தொகையை மட்டும் கணக்கிட்டு, அதில் பாதியை மற்றவரின் பெயரில் தனிக்கணக்காக நிதியிலேயே வைக்கப் பாராளுமன்றம் ஒரு திருத்தம் செய்தல் வேண்டும். அதுவரை, மொத்தத் தொகை கோரி வழக்காடும் சட்டத்தரணிகள், காணி உறுதியோடு சேமலாப நிதிக் கணக்குச் சீட்டையும் மன்றின் முன் வைக்கும்படி கேட்கட்டும்.