மண் வீடு விற்பனைக்கு!

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். அப்படியிருக்க, மண் வீட்டை நம்பி யாராவது பணத்தைக் கொட்டுவார்களா என்று கேட்பீர்கள். கொட்டுகிறார்கள், சகோதரிகளே! அதுவும் அமெரிக்காவில். நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், ஸாண்டா ஃபே, டாவோஸ் பக்கங்களில் 'அடோபி' வீடு என்றால் தனி மவுசு.

அடோபி என்பது வேறொன்றுமில்லை. களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் அடித்து, வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். ஒரு கல்லைத் தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்! டாவோஸில் பூர்வகுடி மக்கள் கட்டிய மண் அடுக்கு வீடுகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. 1992-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அங்கே பகலில் வெயில், இரவில் குளிர். தடித்த மண் சுவர் பகல் உஷ்ணத்தை மெள்ள உள்ளே வாங்கி, இரவில் மெள்ள வெளியே விடுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால், தெற்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. கணப்புச் செலவு மிச்சம். ஆனால் மண் சுவர் மந்திரச் சுவரல்ல. மேகம் மூடி நாள் கணக்கில் குளிர் அடித்தால், சேர்த்த சூடு செலவாகிவிடும். அதனால் இப்போது கட்டுகிறவர்களில் பலர் சுவருக்கு வெளிப்புறம் குளிர் தடுக்கும் உறையும் போடுகிறார்கள்.

சரி, இப்படிக் கையால் கட்டிய வீட்டை விற்பது எப்படி? பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். கையால் இழைத்த வீட்டுக்கு ஜோடி ஏது? "சிக்கனமான வீடு" என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு மூன்று குளிர்காலத்துக் கணப்பு ரசீதுகளை எடுத்துக் காட்ட வேண்டும். மொட்டை மாடித் தூம்புகள் சுவரில் வழியாமல் தண்ணீரைத் தள்ளி விடுகின்றனவா, சுவரடி உலர்ந்திருக்கிறதா என்பதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். மண் வீட்டுக்குச் சத்துரு தண்ணீர்தான்.

டாவோஸுக்கு அருகே ராஞ்சோஸ் என்னும் ஊரில் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மண் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் பூசுவது தொல்லை என்று 1967-ல் அதற்குச் சிமெண்டு பூசினார்கள். என்ன ஆயிற்று? விரிசல் வழியே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரித்தது. 1979-ல் சிமெண்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி மண்ணே பூசினார்கள். இன்றும் ஊரார் கூடிப் பூசுகிறார்கள்.

அந்தப் பிரதேசத்தில் சுவர் பூசுவது வழிவழியாகப் பெண்கள் கலை. 'என்ஹர்ரதோரா' என்றே அவர்களுக்குப் பெயர். எந்த மண், எவ்வளவு வைக்கோல் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆகவே வீட்டை விற்கிறவள் சாவியோடு அந்தக் கைப்பக்குவத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது எஜமானி அழகுக்கென்று சிமெண்டைப் பூசுவாள். வீடு உள்ளுக்குள் கரையும்.

நீங்கள் வீடு பார்க்கப் போகிறீர்களா? அது மண்ணோ கல்லோ, வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து சுவரடியைத் தொட்டுப் பாருங்கள்.