தூரத்தைக் குறைக்கும் துப்பாக்கியே நல்ல துப்பாக்கி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாக்கில் பென்சில்வேனியாவில் தொடங்கும் சக்கிமுக்கிப் பருவத்தில் தோட்டாவுக்கு இடமில்லை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, பெரும்பாலும் துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டைக் கோலால் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடவேண்டும். தொலைநோக்கி பொருத்தக் கூடாது. 1974-இல் தொடங்கிய வழக்கம் இது. இங்கே குடிவந்து, வேட்டைப் பாதுகாப்புப் பாடம் முடித்து உரிமம் வாங்கியதிலிருந்து நான் மான் வேட்டைக்குப் போவது இந்தப் பருவத்தில்தான்.

என் அக்கா மகனும் இந்த மாநிலத்தில்தான் வேலை பார்க்கிறான். பாடத்தை முடித்துவிட்டு இப்போது துப்பாக்கி தேடிக்கொண்டிருக்கிறான். சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினான். "சித்தி, இது இருநூறு கெஜம் தாண்டியும் குறி தவறாதாம்" என்றான். அவன் பெருமையாகச் சொன்ன அந்தத் தூரம்தான் எனக்குக் கவலை தருகிறது. கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை வாங்குகிறவர், நம்மை மானுக்கு அருகே போகவைக்கும் துப்பாக்கியைத்தான் வாங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மானைச் சுடுவதைப் பற்றி ஒருத்தி இப்படி எழுதுகிறாளே என்று தமிழ்நாட்டு வாசகர் திடுக்கிடலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இங்கே நிலைமை வேறு. 1900-ஐ ஒட்டி பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மான் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. 1895-இல் அமைந்த வேட்டை ஆணையம் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. வெளிமாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்தும் விட்டது. இனம் மீண்டது. ஆனால், அதைக் கொன்று தின்ற ஓநாயும் பூமாவும் அதற்குள் இந்தக் காடுகளை விட்டு ஒழிந்திருந்தன. மான் மிகுந்த இடத்தில் ஓக் கன்றுகள் தலையெடுப்பதில்லை. வேலி போட்டு மானைத் தடுத்த நிலத்தையும் வெளியே உள்ள நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாரும் விளக்கவேண்டியதில்லை. அதனால்தான் வட்டாரவாரியாக எண்ணிக்கை வகுத்து பெண்மான் உரிமங்கள் தருகிறார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் வரியில் வனவிலங்குப் பராமரிப்பு நடக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் தனிப் பருவம்? அது குறையுள்ள கருவி என்பதால்தான். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். மான் அதற்குள் மலை தாண்டிவிடும். உருண்டைக் குண்டு காற்றில் வெகு சீக்கிரம் வேகம் இழக்கிறது. ஆகவே வேட்டைக்காரர் பொறுமையாகக் காத்திருந்து, கிட்டே வரவிட்டுச் சுடவேண்டும். அந்தப் பொறுமைக்கு ஈடாகத்தான் கூடுதல் நாட்களைக் கொடுத்தார்கள்.

1985-இல் மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் எம்கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மருந்துக்கு நேர் பின்னாலேயே தீப்பற்றும் 'இன்லைன்' வகையைப் பரவலாக்கியது அதுதான். இன்றைய இன்லைனில் தீப்பற்றவைக்க ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமர், மேலே தொலைநோக்கி, உள்ளே பிளாஸ்டிக் உறையில் கூர்முனைக் குண்டு. இப்போதும் வாய் வழியாகத்தான் கெட்டிக்கிறார்கள். மற்றபடி அது ஒற்றைத் தோட்டா ரைஃபிளை நெருங்கிவிட்டது. கொலராடோ தன் பருவத்தில் தொலைநோக்கியையும் வில்லையாக வார்த்த மருந்தையும் தடுத்திருக்கிறது. பென்சில்வேனியா அக்டோபரில் ஒரு வாரம் இன்லைனுக்கு இடம் கொடுத்துவிட்டு, குளிர்காலப் பருவத்தைச் சக்கிமுக்கிக்கே வைத்திருக்கிறது. இரண்டுமே சரியான முடிவுகள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "கல் நனைந்தால் சுடாது, சித்தி. அரைகுறையாகச் சுட்டு மானைத் தவிக்கவிடுவதைவிட நிச்சயமாகச் சுடும் துப்பாக்கி நல்லதுதானே?" என்று அவனே கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால், பொறி விழாத துப்பாக்கி எந்த மானையும் காயப்படுத்துவதில்லை. மான் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். காயம்பட்டு, இரவெல்லாம் புதரில் கிடந்து சாகும் மான் பெரும்பாலும் தகுதிக்கு மீறிய தூரத்தில் சுடப்பட்ட மான். தொலைநோக்கி மானைப் பெரிதாகக் காட்டும். நம் கை நடுக்கத்தைக் குறைக்காது. கண்பார்வை குறைந்த முதியவர்கள் தொலைநோக்கியோடு இன்லைன் எடுத்துப் போகட்டும். அவர்களுக்கு அதுவே நேர்மையான தேர்வு. அப்போதும் தூரத்தைக் கூட்டக் கூடாது.

உங்கள் தூரம் எது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மரப்பலகையில் குத்துங்கள். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். காட்டில் சுடுவதுபோல மண்டியிட்டுச் சுடுங்கள். எல்லாக் குண்டுகளும் தட்டுக்குள் விழும் கடைசித் தூரம்தான் உங்கள் எல்லை. எனக்கு அது ஐம்பது கெஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் நான் விசையைத் தொடுவதில்லை.

இனி வாங்கும் விவரம். மானுக்கு இந்த மாநிலத்தில் .44 காலிபருக்குக் குறையக் கூடாது; .50 எடுத்தால் குண்டும் துணியும் எங்கும் கிடைக்கும். குழலுக்குள் ஓடும் முறுக்குப் பள்ளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுபத்தாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான முறுக்கு உருண்டைக் குண்டுக்கு. இருபத்தெட்டுக்கு ஒரு சுற்று என்றால் அது நீளக் குண்டுக்கு. நாற்பத்தெட்டு இரண்டுக்கும் நடுவே. பிறகு பொறியமைப்பு. கல் உரசியதும் எஃகுத் தகட்டிலிருந்து பொறிகள் கொத்தாக, பற்றவைக்கும் மருந்து வைக்கும் சிறு கிண்ணத்தில் விழுகின்றனவா என்று, மருந்தில்லாமல், கடையிலேயே பாருங்கள். துப்பாக்கி வெற்றாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே கோலை விட்டுப் பார்த்துவிடுங்கள். விசை இழுத்ததற்கும் குண்டு பாய்வதற்கும் இடையே ஒரு நொடியின் சிறு பங்கு தாமதம் உண்டு. அதுவரை குறியை அசைக்காமல் பிடிக்கப் பழகவேண்டும்.

உடம்புக்குப் பொருந்துவதும் முக்கியம். 18-ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீள ரைஃபிளின் அழகு அலாதியானது. ஆனால் குழல் மட்டுமே நாற்பது அங்குலத்துக்கு மேல். ஐந்தடி உயரமுள்ள நான் அதைத் தோளில் வைத்தால் முன்பாரம் கையை இழுத்துவிடும். முப்பது அங்குலத்துக்குக் குறைந்த குழலும் குட்டையான கட்டையும் உள்ள ஒன்றை எடுத்தேன். குறி உடனே நிலைத்தது.

1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பழைய பாணிக் கருமருந்துத் துப்பாக்கிகளைப் பொதுவாகத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல மாநிலங்களில் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடும். சில மாநிலங்களில் விதி வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். சுலபமாகக் கிடைப்பதால் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. கருமருந்துக்கென்று செய்த துப்பாக்கியில் நவீனப் புகையற்ற மருந்தைப் போட்டால் குழல் வெடித்து முகத்தில் பாயும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்காரவேண்டும். அதற்குக் கோலில் ஒரு கோடு கீறி வையுங்கள். மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டாமல் அளவுக் குப்பியில் எடுத்துக் கொட்டுங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தாலும் கொம்பு முழுவதும் பற்றும். மருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசவேண்டும். இவ்வளவு பராமரிக்க மனமில்லாதவருக்கு இந்த வேட்டை வேண்டாம்.

தனிப் பருவம் என்ற சலுகையைத் தரும் மாநிலங்கள் அதற்குரிய கட்டுப்பாட்டையும் துணிந்து விதிக்கவேண்டும். இருநூறு கெஜத்திலிருந்து சுடுகிறவருக்குத் தனி நாட்கள் எதற்கு? அவருக்குப் பொதுப் பருவமே போதும். துப்பாக்கி வாங்குகிறவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உயிரை எடுக்கும் உரிமத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதை ஒரே குண்டில், வேதனை நீளாமல் முடிக்கவேண்டிய கடமையும் உண்டு. அந்தக் கடமைக்கு நெருங்கிச் செல்வதே வழி. அதைக் கட்டாயமாக்கும் சக்கிமுக்கியையே வாங்கு என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்.