பதக்கத்தில இல்லாத பக்கம்

"நான் அரசியல் கதைக்கேல்லை, சும்மா சேகரிக்கிறன்." பதக்கமும் நினைவு நாணயமும் சேர்க்கிற ஆக்களிட்ட அடிக்கடி கேக்கிற வசனம். எனக்கு இதில உடன்பாடில்லை. படைத்தலைவனுக்கு உலோகத்தில நினைவுச்சின்னம் அடிக்கிறதே அரசியல்தான். அதை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சால் அது ஊமையாகிவிடாது.

1799 இல் திப்பு சுல்தானை வீழ்த்திய கிழக்கிந்தியக் கம்பனி தன் படைக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. பதவிக்கு ஏற்றபடி தங்கம், வெள்ளி, வெண்கலம், தகரம். அதில் பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியை விழுத்தி மிதிக்கிறது. வென்ற படை சிறீரங்கபட்டணத்தைச் சூறையாடிய கதை அதில் எங்கேயும் இல்லை. இண்டைக்கு ஏலத்தில அது அரும்பொருள்.

எங்கட ஊருக்கு வருவம். 1995 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 'ரிவிரெச' நடவடிக்கைக்கும் அரசு பதக்கம் கொடுத்தது. அந்த ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே மூட்டை முடிச்சோட வெளிக்கிட்டது அந்தப் பதக்கத்தில தெரியாது. 2009 இல் மத்திய வங்கி போர் முடிவை நினைவுகூர்ந்து வெளியிட்ட ஆயிரம் ரூபாய்த் தாளில் ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் கொடியேற்றும் படையினர். முள்ளிவாய்க்காலில் செத்த சனத்துக்கு அதில் மூன்றாவது பக்கம் ஏது?

அப்ப நாங்கள் சுத்தமோ? 2025 இல் இந்தியா ராஜேந்திர சோழனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டது. பெருமைப்படுங்கோ. ஆனால் அவன்ர படை இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடிச்சுக்கொண்டு போனதும், அந்த மனுசன் சோழநாட்டிலேயே சிறையில செத்ததும் அதே வரலாறுதான். தோத்தவன் எங்கட ஆள் எண்டால் மட்டும் வலிக்கிறதுக்குப் பேர் நீதியில்லை.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்ப் பாருங்கோ. 1990 இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள காணியை விட்டிட்டு வருசக்கணக்கா முகாமில இருந்த ஆக்களும் அங்க தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழிக்க வருவினம். அவையின்ர செத்தவைக்கு எந்த அரசும் பதக்கம் அடிக்கேல்லை. எள்ளும் தண்ணியும்தான்.

சேகரிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. தோத்த பக்கத்துக்கும் இந்தப் பதக்கங்கள்தான் சாட்சி. உருக்கினால் அதுவும் போயிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில ஒரு அட்டை வையுங்கோ: ஆர் அடிச்சது, ஆருக்குக் குடுத்தது, அதுக்காக ஆர் ஊரை விட்டு ஓடினது. கடைசி வரியை எழுத மனமில்லையெண்டால், நீங்கள் சேகரிக்கிறது வரலாறில்லை, வெற்றி விளம்பரம்.