நோய்க்குச் சிறையா மருந்து?

“குற்றவாளிக்கு வைத்தியமா? நல்ல நியாயம்! நாளை திருடனுக்கு மாலையும் போடச் சொல்வீர்கள் போலிருக்கிறதே!” வருசநாட்டுத் தேநீர்க்கடைகளிலே அமர்ந்து தீர்ப்பளிக்கும் பெரியவர்களின் கேலி இது. கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட இளைஞனுக்குக் கம்பிதான் கதி; ஏனென்று கேட்டால், “அவன் தலையெழுத்து!”

தலையெழுத்தாம்! அந்தத் தலைக்கு எழுத்தறிவித்தவர்கள் நாம். நம் வகுப்பிலே கணக்கில் கெட்டிக்காரன் அவன். பழகிய புகையை விடமுடியாமல் பிடிபட்டான், சிறை சென்றான், திரும்பினான். புகை அவனை விடவில்லை. புதிதாய்க் கற்றது, சரக்கு எங்கே மலிவு என்ற பாடம் ஒன்றுதான்! நாம் கற்பித்ததைச் சிறை அழித்தது; சிறை கற்பித்ததை அழிப்பவர் யார்?

குற்றம் பிறப்போடு வருவது என்ற மூடநம்பிக்கைக்கு நம் மண் கொடுத்த விலை கொஞ்சமா, தோழர்களே! அந்த மடமையை 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டமாகவே எழுதினான் வெள்ளையன். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகைச் சட்டம் என்றனர் நம் பாட்டன்மார். களவே அறியாதவனும் ரேகை வைத்தான். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரிலே, 1920 ஏப்ரல் 3ஆம் நாள், துப்பாக்கி பேசிற்று. 1947இல் மாகாணத்திலே அச்சட்டம் ஒழிந்தது. பின்னர் அம்மக்களை உயர்த்தியது எது? ரேகையா, பள்ளிக்கூடமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்!

நாம் கேட்பது புதுமையுமல்ல, சலுகையுமல்ல. கடுமைக்குப் பேர்போன 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படியுங்கள். போதைக்கு அடிமையானவன், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானால், உடனே சிறைக்கு அனுப்பாமல், அவன் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம் நீதிமன்றம். பிணைமுறி எழுதித் தரவேண்டும். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனை மன்றத்தில் காட்டவேண்டும். தவறினால் தண்டனை காத்திருக்கிறது. இதுவா மாலை மரியாதை? தானே முன்வந்து சிகிச்சை பெறுவோனுக்கு வழக்கிலிருந்தே விலக்களிக்கிறது 64அ பிரிவு. நன்னடத்தையின் பேரில் விடுவிக்க 1958 முதலே தனிச்சட்டம் உண்டு. அமெரிக்காவின் மயாமியிலே 1989இல் போதை வழக்குகளுக்கென்று தனி மன்றமே கண்டனர்; நீதிபதியும் மருத்துவரும் ஒரே மனிதனை மீட்க ஒன்றுபட்டனர்.

கஞ்சாவை மூட்டை மூட்டையாய்க் கடத்திப் பணம் குவிப்பவனுக்காக நாம் வாதாடவில்லை. அவனுக்குச் சிறை தகும். ஆனால் நடப்பதென்ன? விற்றவன் மாளிகையிலே, வாங்கிக் கெட்டவன் கொட்டடியிலே!

ஆண்டிப்பட்டியிலே நீதிமன்றம் இருக்கிறது, க.விலக்கிலே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலை உண்டு, மனம்தான் இல்லை. வழக்கறிஞர் கேட்பதில்லை, கேளாததை மன்றம் கொடுப்பதில்லை, கேட்கலாமென்பது கூலிக்காரத் தாய்க்குத் தெரிவதில்லை.

தெரியச் செய்வது நம் கடன். படிப்பகந்தோறும் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டுவோம். பிடிபட்ட பிள்ளையின் தாயோடு சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் படியேறுவோம். காய்ச்சலுக்குத் திருநீறு போதும் என்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அடிமைநோய்க்குச் சிறைச்சாலை போதும் என்பவன் மட்டும் பகுத்தறிவாளனோ?