ஆக்டிவேட் ஆகாத கேம் கார்டு: உள்ளே ஒன்றுமில்லாத அட்டைக்கு எதற்கு விலை?

அமெரிக்காவின் டார்கெட், வால்மார்ட், கேம்ஸ்டாப் மாதிரியான கடைகளில் ரொம்ப நாளாகப் பழகிய காட்சி அது. கொக்கியில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்ன அட்டைகள். முன்பக்கம் ஒரு வீடியோ கேமின் படம். பின்பக்கம் ஒரு பார்கோடு, பக்கத்தில் சுரண்டிப் பார்க்க ஒரு பட்டை. கவுன்ட்டரில் காசு கட்டி, பட்டையைச் சுரண்டி, உள்ளே இருக்கும் கோட் நம்பரை கன்சோலில் தட்டினால் கேம் டவுன்லோடு ஆகும்.

இப்போது அந்த அட்டைகளைச் சிலர் சேகரிக்கிறார்கள். அதுவும் யாரும் காசு கட்டாத, ஆக்டிவேட்டே ஆகாத அட்டைகளை. அதில் கேம் இல்லை. கோட் நம்பர் வேலை செய்யாது, இனி எந்தக் காலத்திலும் செய்யப்போவதும் இல்லை. பிறகு எதற்கு விலை?

'வேலையில்லாதவர்கள் வேலை' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த அட்டைக்கு உண்மையிலேயே ஒரு மதிப்பு இருக்கிறது. விற்பவர்கள் சொல்லும் மதிப்பு மட்டும் அது இல்லை.

தொங்குவது அட்டை, விற்பது அனுமதி

ஒரு காலத்தில் நம்மூர் பெட்டிக்கடைகளில் விற்ற மொபைல் ரீசார்ஜ் கூப்பன் ஞாபகம் இருக்கும். சுரண்டினால் வரும் நம்பரே காசு. அதனால்தான் கடைக்காரர் அதை கல்லாப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

கேம் கார்டு இதற்கு நேர் எதிர். கடையில் தொங்கும்போது அது வெறும் அட்டை. கவுன்ட்டரில் பார்கோடை ஸ்கேன் செய்ததும், கடையின் கம்ப்யூட்டரிலிருந்து இன்காம், பிளாக்ஹாக் மாதிரியான இடைத்தரகு நிறுவனங்களின் நெட்வொர்க் வழியாகத் தகவல் போகும். 'இந்த அட்டைக்குக் காசு வந்துவிட்டது' என்று பதிவான பிறகுதான் உள்ளே இருக்கும் நம்பருக்கு உயிர் வரும். திருடிக்கொண்டு போனாலும் பிரயோஜனம் இல்லை என்பதால்தான், பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள கேமின் அட்டை கைக்கு எட்டும் இடத்தில் தைரியமாகத் தொங்குகிறது.

ஆக, 'ஆக்டிவேட் ஆகாத கார்டு' என்றால், விற்பனை நடக்காமலேயே வெளியே வந்துவிட்ட கார்டு. 'வாங்கி, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் கார்டு' வேறு. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகிறது.

ஏன் இப்போது தேடுகிறார்கள்?

இந்த வகை அட்டையின் வாழ்நாள் குறுகியது. நின்டெண்டோ 2012-ல் 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' கேமை கடைப்பெட்டியாகவும் டவுன்லோடாகவும் ஒரே நேரத்தில் விற்றது. டவுன்லோடு கோட் நம்பரைக் கடைகள் வழியாகவும் விற்க ஏற்பாடு செய்தது. ஏழு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 1 முதல் சோனி தன் முழு கேம்களின் டவுன்லோடு கோடுகளைக் கடைகளில் விற்பதையே நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு கடைகளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் பணம் ஏற்றும் வாலெட் கார்டுதான்.

அடுத்து ஆன்லைன் ஸ்டோர்களே மூட ஆரம்பித்தன. வீ கன்சோலின் ஷாப் சேனல் 2019 ஜனவரியில் போனது. 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான ஈஷாப்பில் 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-ஆம் தேதி மூடப்பட்டது.

டிஸ்க், கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லாமல் டவுன்லோடாக மட்டுமே வந்த கேம்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டோர் மூடியதும் அந்த கேம் கடைவீதியில் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி என்ன மிஞ்சும்? கார்டு போட்டிருந்தால், அந்தக் கார்டு. வாங்கியவர்கள் பட்டையைச் சுரண்டிவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார்கள். விற்காமல் நின்ற கார்டுகளும் கடைக்கு உபயோகமில்லாத குப்பைதான். இரண்டுக்கும் தப்பியவைதான் இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருப்பவை.

இந்த வகையில் ஒரு கார்டு, பழைய சினிமா பாட்டுப்புத்தகம் மாதிரி. அதற்குள் படம் ஓடாது. ஆனால் படம் எப்படி விற்கப்பட்டது, என்ன பெயரில், யாரை நம்பி விற்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துபவரைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது.

சீல் உடைக்காத பெட்டியும் இதுவும் ஒன்றா?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2021 ஜூலையில் சீல் உடைக்காத ஒரு 'சூப்பர் மாரியோ 64' பெட்டி, ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு, பழைய கேம் சம்பந்தப்பட்ட எதுவும் 'முதலீடு' என்று பேசப்படுகிறது. ஆக்டிவேட் ஆகாத கார்டையும் 'சீல் உடையாத' பொருள் மாதிரியே விலை சொல்லி விற்கப் பார்க்கிறார்கள்.

இந்த ஒப்பீடு தப்பு. மாரியோ பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. யார் அனுமதியும் இல்லாமல் அதை இன்றைக்கும் விளையாடலாம். தபால்தலை சேகரிப்போடும் இது பொருந்தாது. முத்திரை விழாத தபால்தலைக்குப் பின்னால் ஒரு அரசாங்கத்தின் வாக்குறுதி இருக்கிறது. ஆக்டிவேட் ஆகாத கார்டுக்குப் பின்னால் யாருடைய வாக்குறுதியும் இல்லை. அந்த வாக்குறுதி பிறக்கவே இல்லை.

சரியான உவமை வேண்டுமென்றால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அப்போது தனியார் வங்கிகளே நோட்டு அச்சடித்தன. அதிகாரி கையெழுத்துப் போட்டு வெளியிட்டால்தான் அது பணம். கையெழுத்து இல்லாமலேயே தங்கிவிட்ட நோட்டுகளும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் இருந்த கெனால் பேங்கின் நோட்டுகள் இதற்குப் பிரபலமான உதாரணம். அழகான அச்சு, கசங்காத தாள். ஆனாலும் பழைய நோட்டு சேகரிக்கத் தொடங்குபவர்கள் சுலபமாக வாங்கக்கூடிய ரகம் அது. காரணம் எளிது: யாரும் செலவழிக்காததால்தான் அவை நிறையத் தப்பின. ஆக்டிவேட் ஆகாத கேம் கார்டும் அப்படியே. கையெழுத்து விழாத நோட்டு.

விலையை நம்ப முடியாததற்கு நாலு காரணங்கள்

முதலாவது, எத்தனை கார்டு அச்சடித்தார்கள் என்ற கணக்கு வெளியே இல்லை. இன்று 'அபூர்வம்' என்று வாங்கும் கார்டு, நாளைக்கு ஒரு பழைய குடோனில் அட்டைப்பெட்டி நிறையக் கிடைக்கலாம்.

இரண்டாவது, இது அச்சடித்த அட்டை. கார்ட்ரிட்ஜ் அசலா போலியா என்று கன்சோலில் போட்டு, சர்க்யூட்டைத் திறந்து பார்க்கலாம். கார்டில் சோதித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. அது வேலை செய்யாது என்பதுதான் அதன் லட்சணமே!

மூன்றாவது, காணாமல் போன கேம் திரும்பியும் வரும். 2010-ல் வெளியான 'ஸ்காட் பில்கிரிம்' கேம் 2014 டிசம்பரில் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. போனது போனதுதான் என்று ரசிகர்கள் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் அது மறுபடி விற்பனைக்கு வந்தது. 'இனி கிடைக்கவே கிடைக்காது' என்ற பயத்தின் மேல் கட்டிய விலை, இப்படி ஒரு அறிவிப்பில் சரிந்துவிடும்.

நான்காவது, வார்த்தை விளையாட்டு. 'சுரண்டாதது', 'பயன்படுத்தாதது', 'புத்தம் புதுசு'. மூன்றும் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்குப் பொருந்தும், பொய்யும் இல்லை. ஆனால் படிப்பவர், உள்ளே உயிருள்ள கோட் இருக்கிறது என்று நினைத்துக் காசு அனுப்பிவிடுவார். 'ஆக்டிவேட் ஆகவில்லை, கேம் வராது' என்று முதல் வரியிலேயே எழுதாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

'என் காசு, என் ஆசை, உங்களுக்கென்ன?' என்று ஒரு சேகரிப்பாளர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆசைக்கு வாங்குபவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று நம்பி, முதல் சம்பளத்தில் வாங்குபவருக்குத்தான் இந்த எச்சரிக்கை. இன்னொன்று: கடையில் தொங்கும் கார்டை, 'எப்படியும் மதிப்பில்லாததுதானே' என்று எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் அது கடையில் இருக்கும் சரக்கு. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

காசு கட்டியவர் கையில் என்ன இருக்கிறது?

இந்த அட்டைகள் எழுப்பும் பெரிய கேள்வி விலையைப் பற்றியது இல்லை. காசே கட்டாத கார்டை வைத்திருப்பவரிடம் ஒரு பொருள் இருக்கிறது. விற்கலாம், பரிசாகக் கொடுக்கலாம். அதே கேமை முழு விலை கொடுத்து டவுன்லோடு செய்தவரிடம் இருப்பது ஒரு உரிமம் மட்டுமே. அதை அவர் மறுவிற்பனை செய்ய முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. கன்சோல் பழுதானால், நிறுவனம் சர்வரைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் மறுபடி இறக்கிக்கொள்ள முடியும்.

இது சாதாரண இழப்பு இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன்பு வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று சந்தையில் முறையாகக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் புழங்கிய காலத்துக்கே இந்தக் கதி என்றால், டவுன்லோடு மட்டுமே உள்ள கேம்களின் கதியை யோசிக்கலாம்.

கார்டு போனதில் விலைப் போட்டியும் போனது என்று ஒரு புகார் உண்டு. கடைகள் கோட் விற்றவரை ஒரு கடை தள்ளுபடி கொடுக்கலாம், இன்னொரு கடையில் விலை கேட்டுப் பார்க்கலாம். 2019-க்குப் பிறகு பிளேஸ்டேஷன் டிஜிட்டல் கேமுக்குச் சோனியின் சொந்த ஸ்டோரைத் தவிர வழியில்லாமல் போய்விட்டது என்று, 2021-ல் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள்.

சட்டமும் மெதுவாக விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்த சட்டப்படி, கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பட்டனை டிஜிட்டல் ஸ்டோர்கள் போடக் கூடாது. நல்ல தொடக்கம். ஆனால் உண்மையைச் சொல்ல வைப்பது மட்டும் போதாது. ஸ்டோரை மூடும் நிறுவனம், காசு கட்டியவர்கள் தங்கள் கேமைச் சொந்தமாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டு மூட வேண்டும். அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை அந்த அட்டைகளைச் சேகரிப்பவர்கள் சேகரிக்கட்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து, எந்தக் கடையில், எந்த வருடம், என்ன விலை என்று எழுதி வைத்தால் இன்னும் நல்லது. விலை கொடுக்கும்போது மட்டும், ஒரு பழைய போஸ்டருக்குக் கொடுக்கும் விலையைத் தாண்ட வேண்டாம். கேமுக்கான விலையை அந்த அட்டைக்கு யாரும் எந்தக் கவுன்ட்டரிலும் கட்டியதே இல்லை.